காய்ச்சலோடு ஓடச் சொல்லாதீர்கள்: விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு 15 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள், ராத்திரி முழுக்க உடம்பு வலி என்று முனகியவள், விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிட்டாள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மைதானத்தில் "உடம்பு சரியில்ல சார்" என்று சொல்லியிருக்கிறாள். "நாலு ரவுண்டு ஓடு, வேர்த்தா சரியாயிடும்" என்று பதில் வந்திருக்கிறது. மூன்றாவது சுற்றில் வாந்தி எடுத்து, அப்படியே சரிந்துவிட்டாள். மருத்துவமனையில் பார்த்தபோது காய்ச்சல் 102 டிகிரி.

இசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, பத்து நாளில் தேறிவிட்டாள். ஆனால் மருத்துவர் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நெஞ்சு வலித்ததா? படபடப்பு இருந்ததா? மூச்சு முட்டியதா? காய்ச்சலுக்கு எதற்கு இதயத்தைப் பற்றி இத்தனை கேள்வி என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்தப் பயிற்சியாளர் மேல் புகார் சொல்ல அல்ல. அவர் பிள்ளைகளுக்காக உழைப்பவர். அவர் ஓடிய காலத்தில் அவருக்கும் யாரோ இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

முதலில் அந்த வேர்வை விஷயம். காய்ச்சல் இறங்கும்போது வேர்க்கும் என்பது உண்மை. ஆனால் வேர்ப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. கிருமியோடு போராடும்போது மூளையே உடம்பின் வெப்ப அளவை ஏற்றி வைக்கிறது. போராட்டம் தணிந்து அந்த அளவை அது இறக்கும்போது, மிஞ்சிய சூட்டை வெளியேற்ற உடம்பு வேர்க்கிறது. நாம் விளைவைக் காரணமாக நினைத்துக்கொண்டோம். காய்ச்சலில் ஓடினால் ஏற்கெனவே சூடான உடம்பு இன்னும் சூடாகும், நீர்ச்சத்து போகும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடிவிடும். சும்மா படுத்திருக்கும்போதே வேகமாக அடிக்கும் இதயத்தைத்தான் நாம் ஓட விரட்டுகிறோம்.

இதைவிடப் பெரிய பயம் மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. சாதாரணமாக வந்துபோகும் சில வைரஸ்கள், காக்ஸாக்கி, இன்ஃப்ளூயன்சா, கோவிட் போன்றவை, அபூர்வமாக இதயத் தசையையும் தாக்கும். காக்ஸாக்கி வைரஸ் தொற்றிய எலிகளைக் கட்டாயப்படுத்தி நீந்தவிட்டு 1970-இல் வெளியான ஒரு ஆய்வில், ஓய்வில் இருந்த எலிகளைவிட இவற்றின் இதயத்தில் வைரஸ் பல நூறு மடங்கு பெருகியிருந்தது. எலி வேறு, மனிதர் வேறு என்பீர்கள். சரி. ஸ்வீடனில் 1979-க்கும் 1992-க்கும் இடையில் ஓரியன்டீரிங் விளையாடும் இளம் வயதினர் 16 பேர் திடீர் இதய மரணத்தால் இறந்தார்கள். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காடுமேடெல்லாம் ஓடும் பந்தயம் அது. சிலருடைய இதயத்தில் இந்த அழற்சி இருந்தது உடற்கூறாய்வில் தெரிந்தது. எல்லா மரணங்களுக்கும் ஒரே காரணம் என்று நிறுவ முடியவில்லை. ஆனாலும் அந்த விளையாட்டின் சங்கம் காத்திருக்கவில்லை. சுமார் ஆறு மாதம் போட்டிகளை நிறுத்தியது, தொற்று இருக்கும்போது பயிற்சி செய்யாதீர்கள் என்று வீரர்களிடம் வலியுறுத்தியது. அதற்குப் பின் வந்த வருடங்களில் அந்த மரண வரிசை நின்றுவிட்டது.

அதற்காக மூக்கு ஒழுகினாலே படுத்துவிடு என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டு மருத்துவர்கள் பல வருடங்களாகச் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: கழுத்துக்கு மேலா, கீழா? மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்கிப் பார்க்கலாம். உடம்பு ஒத்துழைத்தால் மிதமாகத் தொடரலாம். நெஞ்சுச் சளி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் வேண்டாம். காய்ச்சல் இருந்தால், அறிகுறி எங்கே இருந்தாலும், கண்டிப்பாக வேண்டாம். அமெரிக்காவில் 50 மாணவர்களுக்குச் சளி வைரஸைச் செலுத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சளி ஒரே அளவில்தான் இருந்தது, ஒரே சமயத்தில்தான் விட்டது. வெறும் சளி என்றால் பயிற்சி கெடுக்கவில்லை, குணப்படுத்தவும் இல்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: பலர் சேர்ந்து மூச்சு வாங்கும் மூடிய அறை என்றால், சளி பிடித்தவர் வெளியே தனியாக நடக்கட்டும்.

இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தாலும், பிள்ளைகள் உண்மையைச் சொன்னால்தான் அது உதவும். அவர்கள் மறைக்கிறார்கள். பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தொட்டுப் பார்த்தால் சுடாது, உள்ளே நோய் அப்படியே இருக்கும். ஏன் மறைக்கிறார்கள்? வராத நாள் குறிக்கப்படுகிறது. அணித் தேர்வில் அது பேசப்படுகிறது. "அவளைப் பாரு, சளியோட வந்து ஓடுறா" என்று எல்லார் முன்னாலும் ஒருத்தியைப் பாராட்டுகிறோம். அன்று ஏன் போனாய் என்று கேட்டபோது என் மகள் சொன்னது, "லீவு போட்டா சார் என்னை மறந்துடுவாரு." எனக்குப் பேச்சே வரவில்லை.

நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். வீட்டில் நாங்கள் பத்து முறை சொல்வதைவிட நீங்கள் ஒரு முறை "இன்னைக்கு ஓடாதே, வீட்டுக்குப் போ" என்று சொல்வது பெரியது. பயிற்சி தொடங்குமுன் யாருக்குக் காய்ச்சல், யார் மாத்திரை போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சொன்ன பிள்ளையைத் திட்டாதீர்கள். நோயால் வராத நாளை வருகைக் கணக்கிலிருந்து தனியாக எடுத்துவையுங்கள். நாலைந்து நாள் ஓடாததால் மாதக்கணக்கில் சேர்த்த திறன் கரைந்துவிடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை அவர்களிடமும் சொல்லுங்கள், நம்பமாட்டார்கள், மறுபடியும் சொல்லுங்கள்.

அப்புறம், திரும்பி வரும் நாள். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளாவது போகட்டும். முதல் நாள் நடை, அடுத்த நாள் மெதுவான ஓட்டம், வேகப் பயிற்சி அதற்கும் பிறகு. விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாக ஓடவிடாதீர்கள். ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். இதயத் தசை அழற்சி என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை கடும் பயிற்சி கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்வது வழக்கம். ஒரு போட்டிப் பருவமே முழுதாகக் கைவிட்டுப் போகும் காலம் அது. அந்த நேரத்தில் பிள்ளையின் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

அன்புடன்,
800 மீட்டர் ஓடும் ஒரு பெண்ணின் அப்பா