முந்திரிக் கூலிக் கணக்கு யாருடைய கண்டுபிடிப்பு? – காப்புரிமை அலுவலகத்துக்குக் கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடி அறையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். என்னோடு மூன்று பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கம்பெனிகள். எத்தனை மூட்டைக் கொட்டை வந்தது, உடைத்ததில் பருப்பு எவ்வளவு தேறியது, அதில் முழுசு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, எந்த அக்காவுக்கு இந்த வாரம் எவ்வளவு கூலி. இதுதான் எங்கள் மென்பொருள் போடும் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் கூலிக்காக வரிசையில் நிற்கும் பெண்களுக்கு அது சரியாக இருப்பது பெரிய விஷயம்.

முன்பெல்லாம் பருப்பை எடைபோட்டதும் கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதுவார். "நான் போட்ட எடை வேற, நோட்டுல இருக்கிறது வேற" என்று வாரம் ஒரு சண்டையாவது வரும். சில வருடங்களுக்கு முன் எலெக்ட்ரானிக் தராசிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கணினியில் சொருகினோம். தட்டைத் தராசில் வைத்து, கையில் இருக்கும் அட்டையைக் காட்டினால், எடை அவர் பெயரிலேயே போய் உட்காரும். எதிரே ஒரு திரையில் அவருக்கும் தெரியும். சண்டை நின்றுபோனது. இருபது வருடத் தொழிலில் நான் மனசு நிறைந்து செய்த வேலை அது.

அப்புறம் ஒரு நாள் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நான்கு பக்கத்தில் ஆங்கிலக் கடிதம் வந்தது. வெளியூர் நிறுவனம் ஒன்றின் வக்கீல் அனுப்பியது. தொழிலாளியின் அடையாளத்தோடு எடையைத் தானாகப் பதிந்து துண்டுக் கூலி கணக்கிடும் முறைக்குத் தாங்கள் காப்புரிமை (பேட்டன்ட்) கோரியிருப்பதாகவும், விண்ணப்பம் வெளியிடப்பட்டுவிட்டதாகவும், உடனே நிறுத்தாவிட்டால் நஷ்டஈடு கேட்போம் என்றும் அதில் இருந்தது. அவர் எனக்குப் போன் போட்டு, "தம்பி, கோர்ட்டு வாசல்ல நிக்க எனக்கு வயசு இல்லப்பா" என்றார். சென்னையில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். பதில் எழுதித் தர அவர் சொன்ன தொகை எங்கள் நான்கு பேரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அந்த சீசன் முழுவதும் மறுபடியும் நோட்டுதான், மறுபடியும் சண்டைதான்.

இன்று எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் அன்று தெரிந்திருந்தால் போதும். காப்புரிமைச் சட்டம் 11ஏ பிரிவின்படி, விண்ணப்பம் வெளியானதை வைத்து மட்டும் யாரும் வழக்குப் போட முடியாது. காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான் முடியும். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 106-வது பிரிவில் நிவாரணமும் உண்டு. ஆனால் அதற்கும் நாமேதான் நீதிமன்றம் போக வேண்டும். பிறகு ஒரு நாள் உங்கள் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் தேடிப் பார்த்தேன். விண்ணப்பத்தைச் சோதித்து உங்கள் அலுவலகம் அனுப்பிய பரிசோதனை அறிக்கைக்கு அவர்கள் பதிலே தரவில்லை. கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று முடிந்திருந்தது. பிறக்கவே பிறக்காத ஒரு காப்புரிமை எங்களை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது.

உங்கள் அலுவலகம் அதை வழங்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கூலிக் கணக்குக்குக் காப்புரிமை கிடைக்கும் என்று ஒருவர் நம்பி விண்ணப்பிக்கிறார், அதை வைத்து மிரட்டினால் எடுபடும் என்றும் நம்புகிறார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2002 திருத்தத்தில் வந்து, 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, அல்காரிதம் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை), வெறும் கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்புகள் அல்ல என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. தொழிலில் தொழில்நுட்பப் பயன்பாடு உள்ள நிரலுக்கும், வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் வழிவிடும் வாசகத்தை அது நுழைத்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 2005-ல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் அந்த வாசகம் இல்லை, பழைய 3(கே) அப்படியே நின்றது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்து, வேண்டாம் என்று சொன்ன விஷயம் இது. அதே ஆண்டு ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமைக்கான வரைவை 648-க்கு 14 என்ற வாக்குகளில் தூக்கி எறிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சட்டத்தில் நடக்கவில்லை, கணினி சார்ந்த விண்ணப்பங்களை எப்படிப் பரிசீலிப்பது என்று பரிசோதகர்களுக்கு நீங்கள் தரும் வழிகாட்டுதல்களில் நடந்தன. 2015 ஆகஸ்டில் உங்கள் அலுவலகம் ஒன்றை வெளியிட்டது. கடும் எதிர்ப்பு வந்து டிசம்பரில் நிறுத்தி வைத்தீர்கள். 2016 பிப்ரவரியில் வந்தது நல்ல வழிகாட்டுதல். நிரலோடு புதுமையான வன்பொருளும் இருந்தால்தான் பரிசீலிக்கலாம் என்று பரிசோதகருக்குத் தெளிவாக ஒரு கோடு போட்டுத் தந்தது. 2017 ஜூனில் அந்தக் கோட்டையும் அழித்துவிட்டீர்கள். 2025-ல் இன்னொன்று. பத்து ஆண்டுகளில் நான்கு வழிகாட்டுதல்கள், சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நாடாளுமன்றம் தெருவாசலில் சாத்திய கதவை நீங்கள் கொல்லைப்புறத்தில் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

நீதிமன்றங்கள் சொன்னதைத்தானே செய்கிறோம் என்பீர்கள். 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் கணினி நிரல் சார்ந்தது என்ற காரணத்தால் மட்டும் மறுக்கக் கூடாது என்றது உண்மைதான். அதில் நியாயமும் இருக்கிறது. கேமராவால் கொட்டையின் வடிவம் பார்த்து, பருப்பு உடையாமல் கத்தியை நகர்த்தும் இயந்திரம் ஒன்றை யாராவது செய்தால் தாராளமாகக் காப்புரிமை கொடுங்கள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பாலில் விரல் வெந்துபோன பெண்களைப் பார்த்தவன் என்ற முறையில் முதலில் கை தட்டுவது நான்தான். ஆனால் 'தொழில்நுட்ப விளைவு' என்ற சொல்லை மட்டும் பரிசோதகர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? எந்த நிரலும் ஏதோ ஒரு வேலையை விரைவாக்கும், ஏதோ ஒரு நினைவகத்தை மிச்சப்படுத்தும். வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் கணக்கப்பிள்ளையின் நோட்டும் 'தரவுச் செயலாக்க அமைப்பு' ஆகிவிடும். அமெரிக்காவில் அப்படித்தான் பல ஆண்டுகள் ஓடியது. இருவருக்கு நடுவில் நம்பகமான மூன்றாமவர் நின்று பணம் கைமாற உதவுவது காலங்காலமான வழக்கம், அதைக் கணினியில் செய்ததால் மட்டும் கண்டுபிடிப்பாகிவிடாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-ல்தான்.

ஜிஃப் படங்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என் வயதுக்குக் கீழே இருக்கும் பலருக்குத் தெரியாது. 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் அந்தப் படவடிவத்தை வெளியிட்டபோது, படத்தைச் சுருக்குவதற்கு எல்.இசட்.டபிள்யூ. என்ற முறையைப் பயன்படுத்தியது. அந்த முறைக்கு 1985-லேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. அது யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. ஊரெல்லாம் ஜிஃப் பரவியது. 1994 டிசம்பர் கடைசியில், இந்தப் படங்களைக் கையாளும் மென்பொருள் எழுதுகிறவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் தலையில் இடி. கோபத்தில் நிரலர்கள் கூடி 1995-ல் பி.என்.ஜி. என்ற மாற்று வடிவத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். காப்புரிமையால் விளைந்த புதுமைதானே அதுவும் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாலையை ஒருவர் மறித்ததால் மற்றவர்கள் பக்கத்தில் இன்னொரு சாலை போட வேண்டி வந்தது. அந்த உழைப்பு வேறு எதற்கெல்லாம் போயிருக்கும்? அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது 2003 ஜூனில்.

இதற்கு நேர்மாறான கதை, இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையில் இருக்கிறது. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994-ல் அதை உருவாக்கியது. காப்புரிமை வைத்திருந்தும், விதிப்படி பயன்படுத்துகிறவர்கள் மீது அந்த உரிமையைச் செலுத்த மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. 2016-ல் யு.பி.ஐ. வந்தபோது நம் ஊர் பூக்கடை வரைக்கும் அது தயாராக இருந்தது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா, ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு உரிமத் தொகை சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தால் அந்த அட்டையைத் தொட்டிருக்க மாட்டார். 2010-ல் மத்திய அரசே மின்னாளுமைக்கான (அரசு வேலைகளைக் கணினிவழி நடத்துவதற்கான) திறந்த தரநிலைக் கொள்கையில் இதை ஒப்புக்கொண்டது: தரநிலைக்கு, அதாவது எல்லாரும் பின்பற்றும் பொது வடிவத்துக்கு, தேவையான காப்புரிமைகளுக்கு உரிமத் தொகை இருக்கக் கூடாது என்றது. அரசின் ஒரு துறை கற்றுக்கொண்ட பாடம் இன்னொரு துறைக்கு எட்டாமல் போனது ஏன்?

என் நிரலை யாராவது அப்படியே திருடினால் என்ன செய்வாய் என்று கேட்கலாம். அதற்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாக ஏற்றுக் காக்கிறது. என் வரிகளைத் திருடினால் நான் வழக்குப் போடலாம். ஆனால் நெல்லிக்குப்பத்தில் ஒரு பையன் சொந்தமாக யோசித்து, சொந்தமாக எழுதி, என்னைவிட நல்ல முந்திரிக் கணக்கு மென்பொருள் கொண்டுவந்தால் அவனைத் தடுக்கும் உரிமை எனக்கு இருக்கக் கூடாது. 20 வருடம் தடுக்கும் உரிமை கூடவே கூடாது. 20 வருடத்துக்கு முன் நான் எழுதியது விஷுவல் பேசிக் என்ற பழைய நிரல்மொழியில். மருந்துக்கு அந்தக் காலம் பொருந்தலாம், அங்கே சோதனைக்கே பல வருடம் ஆகிறது. எங்கள் தொழிலில் அது ஒரு தலைமுறை.

இன்னொரு கவலை, எங்கள் பிள்ளைகளைப் பற்றியது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் வேலை கேட்டு என்னிடம் வருகிறார்கள். முகம் பார்த்து வருகைப் பதிவு, செடி காய்ந்தால் தண்ணீர் திறக்கும் நிரல் என்று ஆர்வமாகக் காட்டுவார்கள். கூடவே 'காப்புரிமை பெற்றது' என்று ஒரு காகிதம். வாங்கிப் பார்த்தால் அது விண்ணப்பம் வெளியானதற்கான பக்கம். வெளியீட்டுக்கும் வழங்கலுக்கும் வித்தியாசம் உண்டு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் இருக்கிறது, வெளியான விண்ணப்பமும் அதில் சேரும். 2021-ல் கல்வி நிறுவனங்களுக்கான கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்தீர்கள். 2023-24-ல் ஒரு லட்சத்துக்கும் மேல் காப்புரிமை வழங்கினோம் என்று அரசு பெருமையோடு அறிவித்தது. எண்ணிக்கை ஏறுவதைப் புதுமை என்று நினைத்தால், வேலி போடுகிறவரை உழவர் என்று சொல்வதாகிவிடும். அந்த மாணவர் தன் நிரலை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தால் நான் அதை ஓட்டிப் பார்த்து அன்றைக்கே வேலை கொடுத்திருப்பேன்.

நான் கேட்பவை அதிகமில்லை. வணிக முறைக்கும் கணக்கிடும் முறைக்கும், எந்த உடுப்பில் வந்தாலும், காப்புரிமை இல்லை என்று 2016-ல் போட்ட கோட்டை மறுபடியும் போடுங்கள். அந்தக் கோட்டை நகர்த்த வேண்டும் என்று அரசு நினைத்தால் நாடாளுமன்றத்துக்குப் போகட்டும், நாங்களும் எங்கள் உறுப்பினரிடம் பேசுகிறோம். காப்புரிமை வழங்கும் முன்பே ஆட்சேபம் சொல்ல எந்தக் கட்டணமும் இல்லாமல் இருந்தது. 2024 மார்ச்சில் தனிநபருக்கே 4,000 ரூபாய் ஆக்கினீர்கள். அதை நீக்குங்கள். தவறான காப்புரிமையைத் தடுக்க வருகிறவர் உங்கள் வேலையில் பாதியைச் செய்து தருகிறார், அவரிடம் பணம் கேட்பது முறையல்ல. வெளியிடப்படும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் தலைப்பிலும், இது இன்னும் உரிமை அல்ல, இதை வைத்து வழக்குப் போட முடியாது என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி தமிழிலும் இருக்கட்டும். இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே எழுதப்படும் ஆவணம் பண்ருட்டி முந்திரிக் கம்பெனி முதலாளியை ஏன் மிரட்டுகிறது என்றால், அவரால் அதைப் படிக்க முடியவில்லை.

1995-ல் மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. அதன் பிறகுதான் பாரம்பரிய மருத்துவ அறிவைத் திரட்டி வைக்கும் மின் நூலகம் உருவானது, பரிசோதகர்கள் இன்று அதைப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு திரட்டு கணக்கு முறைகளுக்கும் வேண்டும். மண்டிகளிலும் மீன் ஏலத்திலும் முந்திரிக் கம்பெனிகளிலும் நம் ஆட்கள் தலைமுறையாகப் போட்டுவந்த கணக்குகள் எங்கும் பதிவாகவில்லை. நாளை யாராவது அவற்றைக் கணினி மொழியில் எழுதி உங்களிடம் வந்தால், இது பழையது என்று பரிசோதகர் எதைப் பார்த்துச் சொல்வார்?

அதற்கு முதல் ஆவணத்தை நான் தருகிறேன். என் வாடிக்கையாளரின் கம்பெனியில் வேலை பார்த்த கணக்கப்பிள்ளை ஒருவர் 1987-லிருந்து எழுதிய கூலி நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. இடது பக்கம் பெயர், நடுவில் எடை, வலது பக்கம் கூலி, ஓரத்தில் கைநாட்டு. அந்த ஆங்கிலக் கடிதத்தில் படம் போட்டு விளக்கியிருந்த வரிசையும் அதேதான். கிண்டியில் உள்ள உங்கள் சென்னை அலுவலகத்தில் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். காலை முதல் பஸ்ஸில் பெட்டியோடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
முந்திரிக் கணக்கு மென்பொருள் எழுதுகிறவன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.