சும்மா வர்றவர்கிட்ட எப்படிக் கறாரா பேசுறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல தொண்டு நிறுவனங்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். சம்பளம் வாங்காம வர்றவங்கதான் அமைப்போட உயிர், மத்தவங்க சம்பளத்துக்கு இருக்குறவங்கன்னு போற போக்குல ஒரு வரி இருந்துச்சு, அதுக்காகத்தான் இத எழுதுறேன். நான் அஞ்சு வருஷம் வாலண்டியரா இருந்துட்டு அப்புறம் இன்னொரு அமைப்புல சம்பளத்துக்கு கோஆர்டினேட்டரா சேந்தவ, ரெண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கேன்.

எங்க இடத்துல ஒரு வாலண்டியர், நல்ல மனுஷன், கம்ப்யூட்டர் வேல அத்துப்படி. நன்கொடை குடுத்தவங்க லிஸ்ட நானே சரி பண்ணித் தர்றேன்னு வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு மாசம் ஆச்சு, போன் எடுக்கல, ரசீது அனுப்ப வேண்டிய நாள் நெருங்குது, அக்கவுண்ட்ஸ் பாக்குற பொண்ணு தினமும் என் டேபிள் முன்னாடி வந்து நிக்குது. டிரஸ்டிகிட்ட சொன்னா, "சும்மா வந்து செய்யிறவரம்மா, அவர்கிட்ட எப்படிக் கறாரா பேசுறது"ங்கிறாரு. கடைசில அந்தப் பொண்ணே மூணு ராத்திரி உக்காந்து பழைய ரசீது புக்க வச்சு எல்லாத்தையும் மறுபடி டைப் அடிச்சுது.

அவர நான் குத்தம் சொல்லல. எந்தத் தேதிக்குள்ள வேணும், முடியலன்னா யார்கிட்ட சொல்லணும்னு நாங்க ஒண்ணுமே சொல்லலையே. ஸ்டாஃப்னா ஆர்டர், வேலை விவரம், மேல ஒரு ஆளு. வாலண்டியருக்கு ஒரு ஃபார்ம், ஒரு வாட்ஸப் குரூப், அவ்ளோதான். "என்னால முடியல"ன்னு சொல்லிட்டு கௌரவமா வெளிய போக வழி இல்லாததாலதான் பாதிப் பேரு போன ஆஃப் பண்ணிட்டுக் காணாம போறாங்க.

இதுக்கு டிரஸ்டிங்க கண்டுபிடிக்கிற மருந்து, சின்னதா ஒரு தொகை குடுத்துடலாங்கிறது. 2000-ல யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நன்கொடை வசூல் பண்ணப் போன 180 ஸ்கூல் பசங்கள மூணா பிரிச்சு, ஒரு குரூப்புக்குக் காசே இல்ல, ஒண்ணுக்கு வசூல்ல 1 சதவீத அளவு, இன்னொண்ணுக்கு 10 சதவீத அளவு. அதிகமா வசூல் பண்ணுனது காசு வாங்காத பசங்க, 10 சதவீதம் அடுத்து, கடைசி 1 சதவீதம். பிச்சாத்துக் காசு குடுத்தா சேவைங்கிற நெனப்பும் போயிடுது, சம்பளம்னு சொல்லவும் முடியல. (பஸ் செலவ திருப்பிக் குடுக்குறது வேற விஷயம், அது கட்டாயம் குடுக்கணும்.)

ஸ்டாஃப் கதை இதுக்கு நேர் எதிர். ஆறு நாள் வேல பாத்துட்டு ஏழாவது நாளும் வா, சேவைக்குன்னு வந்துட்டு மணி பாக்கலாமான்னு கேப்பாங்க. அமெரிக்காவுல ஒரு தொண்டு நிறுவன ஊழியர், தான் சம்பளத்துக்குச் செய்யிற அதே மாதிரி வேலைய அதே நிறுவனத்துக்கு வாலண்டியரா செஞ்சேன்னு கணக்கு காட்ட முடியாது, தொழிலாளர் சட்டம் விடாது. எங்க ஆளுங்ககிட்ட இதச் சொன்னப்போ மீட்டிங்ல ஒரே அமைதி, உடனே அடுத்த விஷயத்துக்குத் தாவிட்டாங்க.

அந்த வாலண்டியர் நாலு மாசம் கழிச்சு தானா வந்தாரு, வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லையாம். இப்ப சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் மட்டும் வர்றாரு, என்ன வேலைன்னு பேப்பர்ல எழுதியிருக்கு, அந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணுகிட்டதான் கணக்கு ஒப்படைக்கணும். அவருக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. அவ்ளோ பெரிய மனுஷர ஒரு சின்னப் பொண்ணுக்குக் கீழ வச்சுட்டியேன்னு டிரஸ்டிதான் இன்னும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல.

இப்படிக்கு,
ஒரு கோஆர்டினேட்டர்