எம்டன் வேண்டாம், சேவியர்

அரவங்காடு

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது. உறைபனியில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப்போன கவலையில் உடனே பதில் எழுத மனம் ஓடவில்லை. பச்சைத் தேயிலை விலையைப் பற்றி நீ கேட்காமல் இருந்திருக்கலாம். அதைத் தொடங்கினால் தாள் முழுவதும் அதற்கே போய்விடும். மூத்தவளுக்குக் குன்னூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, அது ஒன்றுதான் இங்கே நல்ல செய்தி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கச்சி லூர்து மேரி தைலம் தேய்க்கச் சொன்னால் தேய்த்துக்கொள், வீம்பு பிடிக்காதே.

இனி கப்பல் விஷயம். டெக்சாஸில் தம்பி மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நான் பார்த்த ரிமோட் போர்க்கப்பல் சண்டையைப் போன தடவை உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதையாகச் சொன்னேன். இப்போது தாத்தாவும் பேரனும் சேர்ந்து பெருமாள்மலைத் தோட்டத்துக் குளத்தில் கடற்படையே அமைக்கத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். உனக்கு எம்டன் வேண்டும், பேரனுக்கு இரண்டாம் உலகப் போரின் பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க் வேண்டும், எதை முதலில் கட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். பேரனுக்கும் படித்துக் காட்டு.

1970களின் கடைசியில் டெக்சாஸ் பக்கம் தொடங்கிய விளையாட்டு இது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் உண்மையாகவே கடலில் ஓடிய போர்க்கப்பல்களை, பெரும்பாலும் 144-இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டுகிறார்கள். உடலின் அடிப்பகுதியும் விலாக்களும் உறுதியாக இருக்கும். விலாக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூடுவது மட்டும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பால்சா மரத் தகடு. பீரங்கிகள் கரியமில வாயுவின் அழுத்தத்தில் நாலரை மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகளைச் சுடும். அதைவிடப் பெரிய குண்டு சுடும் சங்கங்களும் உண்டு. குண்டு பட்டால் கரையில் நிற்பவனுக்கு 'டக்' என்ற சின்னச் சத்தம்தான் கேட்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மிளகு அளவில் ஓர் ஓட்டை இருக்கும், அதன் ஓரத்தில் மரநார் உள்பக்கமாகப் பிய்ந்து நிற்கும். நீர்மட்டத்துக்கு மேலே விழுந்த ஓட்டையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கீழே விழுந்தால் அப்போதே கணக்குத் தொடங்கிவிடும். உள்ளே ஒரு சிறு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அது தண்ணீரை வெளியே தள்ளும் துவாரம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கலாம் என்பது விதி. தளத்தின் மேலிருந்து மெல்லிய நீர்த்தாரை வளைந்து விழத் தொடங்கினால் கப்பல் அடிபட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எதிரிகள் அதைத்தான் வட்டமிடுவார்கள்.

ஆக, இந்தக் கப்பல் மூழ்கும். அதில் சந்தேகமே வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கி, வடித்து, ஓட்டைகளின் மேல் மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டி, பிற்பகலே மறுபடியும் இறக்குகிறார்கள். முதல் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது அழகையும் புகழையும் பார்க்காதே. தண்ணீர் புகுந்த பிறகு அது எப்படி நடந்துகொள்ளும், உள்ளே உன் கை நுழையுமா என்று பார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் கணக்கு.

கணக்கை எம்டனிலிருந்தே தொடங்குவோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல் மீது நம் தலைமுறைக்கு இருக்கும் மயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அது இலகுரகக் குரூசர், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். 118 மீட்டர் நீளம், பதின்மூன்றரை மீட்டர் அகலம். சுருக்கினால் 82 சென்டிமீட்டர் நீளமும் ஒன்பதரை சென்டிமீட்டர் அகலமும் வரும். அகலத்தை உன் உள்ளங்கையோடு ஒப்பிட்டுப் பார். அதற்குள் மோட்டார், பம்ப், பேட்டரி, ரிசீவர், வாயு உருளை, பீரங்கி எல்லாவற்றையும் எங்கே திணிப்பாய்?

இடத்தைவிட எடைதான் பெரிய தொல்லை. நீளம் 144-இல் ஒரு பங்கு என்றால், எடை 144 × 144 × 144 என்று பெருக்கி வரும் எண்ணில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 30 லட்சத்தில் ஒன்று. முழுச் சுமையோடு 4,200 டன்னுக்குச் சற்று மேலிருந்த எம்டன் மாடலாகும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. எமர்ஜென்சி விளக்கில் போடும் ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றே ஏறக்குறைய முக்கால் கிலோ இருக்கும். மீதியில் என்ன செய்வாய்? கைதேர்ந்தவர்கள் குரூசரைக் கட்டி அசத்துகிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் கிராம் கிராமாகச் சுரண்டி எடை குறைப்பவர்கள். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நாற்பது வருடமாக எனக்குத் தெரியும்.

குறுகலான கப்பலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே புகுந்த தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. திருப்பத்தில் கப்பல் கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடும், அது ஓடியதால் இன்னும் சாயும், சாய்ந்ததால் இன்னும் ஓடும். ஒரு குவளைத் தண்ணீர் போதும் குரூசரைக் குப்புறக் கவிழ்க்க. அகலமான கப்பல் அதே தண்ணீரைச் சுமந்துகொண்டு பொறுமையாகக் கரைக்கு வந்து சேரும்.

அப்படியானால் பிஸ்மார்க் அகலம்தானே என்பான் உன் பேரன். அகலம்தான், 25 சென்டிமீட்டர். ஆனால் நீளம் 1.74 மீட்டர், எடை 16 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு உன் தோட்டத்துச் சரிவில் இறங்கி, ஈரச் சேற்றில் குனிந்து தண்ணீரில் விடப்போவது யார்? உன் முழங்காலைத்தான் மேலே விசாரித்தேன். மூழ்கினால் உள்ளே நிறைந்த தண்ணீரோடு சேர்த்துத் தூக்க வேண்டும். குளம் வேறு சின்னது. நீளக் கப்பல் திரும்புவதற்குள் கரை வந்துவிடும். செலவும் அப்படித்தான், தகடு, பசை, பேட்டரி எல்லாமே பெரிது.

என் சிபாரிசு, முதல் உலகப் போருக்கு முந்தைய நடுத்தரக் கப்பல்கள். 1906-இல் வந்த பிரிட்டனின் டிரெட்நாட்டை எடுத்துக்கொள். மாடலில் 1.1 மீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் அகலம், ஆறு கிலோவுக்குச் சற்று மேல். இரட்டைச் சுக்கான் உள்ள கப்பல். சின்னக் குளத்தில் சட்டென்று திரும்ப அதைவிட வேறென்ன வேண்டும்? கடல் சரித்திரத்தையே மாற்றியதாகப் பெயர் வாங்கிய அந்தக் கப்பல், எதிரியின் கப்பலை மூழ்கடித்தது ஒரே ஒரு தடவைதான். 1915-இல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை, அதுவும் சுட்டு அல்ல, மோதி. பேரனுக்கு இதைச் சொல்லும்போது, நம் விளையாட்டில் மோதுவது தப்பாட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. இன்னொரு வேடிக்கை, அதன் முன்கம்பத்தை முதல் புகைபோக்கிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். மேலே நின்று கண்காணித்தவர்கள் புகையிலும் சூட்டிலும் வெந்தார்கள். மாடலில் யாருக்கும் மூச்சுத் திணறாது, அப்படியே கட்டு.

ஜெர்மன் கப்பல்தான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தால், ஃபான் டெர் டான். உள்ளபடி சொன்னால் உனக்கு நான் மனதில் வைத்திருப்பது அதைத்தான். அசல் 171 மீட்டருக்குச் சற்று மேல், 26.6 மீட்டர் அகலம். மாடலில் 1.19 மீட்டரும் பதினெட்டரை சென்டிமீட்டரும், எடை ஆறரைக் கிலோ அளவில். டிரெட்நாட்டில் ஐந்து பீரங்கிக் கோபுரங்கள், இதில் நாலுதான், செதுக்கும் வேலை குறைவு. கப்பலின் வேகமும் அசலின் வேகத்தை ஒட்டித்தான் அனுமதிக்கப்படுகிறது. 100 அடியைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று வைத்துப் பார்ப்பார்கள். இது பேட்டில்குரூசர், அதாவது வேகத்துக்காகக் கட்டிய பெரிய போர்க்கப்பல் என்பதால் அதிலும் உனக்கு லாபம். 1916 மே 31 ஜட்லாண்ட் கடற்சண்டையில் பிரிட்டனின் இன்டெஃபாட்டிகபிள் கப்பலை மூழ்கடித்தது இதுதான். பிறகு அடிபட்டும் பழுதாகியும் அதன் பெரிய பீரங்கிகள் எல்லாமே ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் வரிசையை விட்டு விலகவில்லை. விலகினால் மற்றக் கப்பல்கள் மீது அடி கூடுதலாக விழும் என்று கூடவே ஓடியது. புதிதாகக் கட்டுகிறவனுடைய பீரங்கி எப்படியும் பாதியில் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் கிடையாது.

கட்டும்போது கவனிக்க வேண்டியதில் முக்கியமானது உள்தரை. நடுவே ஒரு வாய்க்கால் விட்டு, இரு பக்கமும் தண்ணீர் உறிஞ்சாத நுரைப் பலகையை வெட்டி அடைத்துவிடு. எங்கே ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அந்த வாய்க்காலுக்கு வந்து பம்பின் வாய்க்கு ஓட வேண்டும். பம்பின் வாயில் வலை கட்டு. பால்சா நாரும் குளத்துப் பாசியும் ஒரே நொடியில் அதை அடைத்துவிடும். அடிபட்டு மூழ்கும் கப்பல்களைப் போலவே பம்ப் அடைத்து மூழ்கும் கப்பல்களையும் அங்கே பார்த்தேன். பேட்டரியை முடிந்தவரை அடியில், நடுவில் வை. ரிசீவரை ஒரு சிறிய டப்பாவுக்குள் நீர் புகாமல் அடைத்து, அதன் ஆண்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிவிடு. இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டின் அலை தண்ணீருக்குள் போகாது. மேல்தளத்தில் நூல் சுற்றிய ஒரு மிதவையும் வேண்டும். கப்பல் போன இடத்தை அதுதான் காட்டும். பிற்பகலில் உங்கள் பக்கம் மேகம் இறங்கினால் கையே தெரியாது, மிதவை இல்லாமல் என்ன தேடுவாய்?

உங்கள் குளிரில் எபாக்சி பசை இறுகவே இறுகாது போலத் தோன்றும். அவசரப்பட்டு அடுத்த வேலையைத் தொடங்காதே. வெயில் அடிக்கும் காலையில் ஒட்டிவிட்டு மறுநாள் வரை விட்டுவிடு. பால்சா தகட்டை அடுப்படிப் பரணில் வை, கொட்டகையில் வைத்தால் ஈரம் குடித்து நெளிந்துவிடும்.

பீரங்கி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். முதல் கட்டத்தில் பீரங்கிகள் வெறும் பொம்மையாகவே இருக்கட்டும். ஓட்டவும், திருப்பவும், பம்ப் ஓடும் சத்தத்தை வைத்தே நிலைமையைப் புரிந்துகொள்ளவும் பையன் பழக வேண்டும். நீயே பக்கவாட்டில் ஓர் ஓட்டை குத்திவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார். வாயு பொருத்துவதற்கு முன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடு. பொருத்திய பிறகு கண்ணாடி அணியாமல் யாரும் குளத்தருகே வரக் கூடாது, வேடிக்கை பார்க்க வரும் தங்கச்சி உட்பட. எஃகுக் குண்டு பால்சாவைத் துளைப்பது போலத்தான் கண்ணையும் துளைக்கும். கொடைக்கானல் ஏரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறாயே, அந்த நினைப்பே வேண்டாம். சுற்றுலாப் படகுகளுக்கு நடுவே சுடுகிற விளையாட்டு இல்லை இது. ஊட்டி ஏரிக்கும் அதே பதில்தான்.

நான் மாசிக் கடைசியில் பழநி வழியாக வருகிறேன். மரத்தில் கை வைக்காதே, வரைபடத்தை 144-க்குச் சுருக்கி அச்செடுத்து நான் கொண்டுவருகிறேன். அதற்குள் ஒரு வேலை செய். மூங்கில் கழியில் அடிக்கணக்கு குறித்து, குளத்தின் நடுவில் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுது. நாலடிக்கு மேல் இருந்தால் கொஞ்சம் வடித்தாக வேண்டும். தரை மண்ணா, பிளாஸ்டிக் விரித்ததா என்பதையும், கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறாயா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜகோபால்