மதியத்துக்குள் முடிகிற ஊரா மதுரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு வந்த கோடை விடுமுறை இணைப்பை விளம்பரங்கள் உட்பட முழுவதும் படித்தேன். அதில் மதுரைக்கு ஒரே ஒரு பத்தி. "மீனாட்சியைக் கும்பிட்டு, மஹாலைச் சுற்றிப் பார்த்து, ஒரு ஜிகர்தண்டா குடித்தால் மதியத்துக்குள் மதுரை முடிந்துவிடும், அப்புறம் வண்டியைக் கொடைக்கானலுக்குத் திருப்புங்கள்" என்கிறார் உங்கள் கட்டுரையாளர். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செல்லூரில் இருக்கிறேன். எனக்கு இந்த ஊர் இன்னும் முடிந்தபாடில்லை. அவர் கெட்டிக்காரர், அரை நாளில் முடித்துவிட்டார்.

கொடைக்கானலுக்குத் திருப்புங்கள் என்று எழுதுவது சுலபம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் அங்கே வண்டி ஏற முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நீதிமன்றம் உத்தரவு போட்டபோது உங்கள் இதழிலேயே செய்தி வந்தது. இணைப்பில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. போன வருஷம் லீவுக்கு வந்த என் மகன் இப்படித்தான் ஏதோ ஒரு கட்டுரையை நம்பி எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளி அருவிக்கு வெகு முன்னாலேயே வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. பேரன் இரண்டு கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு முறை வாந்தி எடுத்தான். ஏரியைப் பார்த்தது அரை மணி நேரம், முன்னால் நின்ற வேனின் பின்பக்கத்தைப் பார்த்தது மீதி நேரம் முழுவதும். அந்த வேனில் எழுதியிருந்த திருக்குறள் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

அதே பேரனை மறு வாரம் நானும் என் நாத்தனாரும் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப் போனோம். பெரியார் நிலையத்தில் ஏறி, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போகிற டவுன் பஸ். எங்கள் இருவருக்கும் டிக்கெட் கிடையாது. அங்குள்ள சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில் வாசலில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் பெரிய குதிரைகள். பையன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கடலை வாங்கிக் கொடுத்துத்தான் படி ஏற்ற வேண்டியிருந்தது.

மேலே பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். யார் செய்வித்த திருமேனி என்று அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் கைவிரலால் தடவினால் எழுத்தின் குழி தெரிகிறது (தடவக் கூடாதுதான், காவலர் பார்த்தால் சத்தம் போடுவார்). "பாட்டி, இவருக்கு ஏன் டிரஸ் இல்லை?" என்று அங்கிருந்த சமணத் துறவி பாகுபலியின் சிலையைக் காட்டிப் பேரன் கேட்டான். நாத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துறவு என்றால் என்னவென்று நான் விளக்கத் தொடங்கினேன். கீழே இறங்கியும் அவன் கேள்வி முடியவில்லை.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. வெளியே பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். உள்ளே குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், என் முதுகு அதற்கு ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தால் சிங்கத்தின் மேல் ஒரு பெண், கையில் வில், எதிரே யானை மேல் வருகிறவனோடு சண்டை. டார்ச் வெளிச்சம் பட்டதும் பையன் மூச்சுக்கூட விடவில்லை. கொடைக்கானலைப் பற்றி அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. ஊருக்குப் போனதும் அவன் வரைந்து அனுப்பிய படத்தில் சிங்கம் பூனை மாதிரிதான் இருந்தது, ஆனால் வில் சரியாக இருந்தது. உங்கள் கட்டுரையாளர் கணக்கில் இதெல்லாம் மதுரையில் சேர்த்தி இல்லை போலும்.

உங்கள் இதழை இன்று நேற்றல்ல, என் மாமனார் சந்தா கட்டிய காலத்திலிருந்து படிக்கிறேன். முன்பு ஒருமுறை யானைமலைப் படத்தைப் போட்டு "அழகர்மலையின் எழில் தோற்றம்" என்று அச்சடித்தீர்கள். யானை படுத்திருப்பது போல மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற ஒற்றைப் பாறை அது. ஒத்தக்கடையில் பால் வாங்கப் போகிற குழந்தைகூடச் சொல்லும். அஞ்சலட்டை எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அப்புறம் ஒரு தீபாவளி மலரில் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு எட்டுப் பக்கம் கொடுத்தீர்கள். ஓட்டல் கட்டிலில் துண்டை அன்னமாக மடித்து வைத்திருந்ததற்கே அதில் முழுப் பக்கப் படம். யார் செலவில் போய் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அடுத்த பக்கத்து விளம்பரமே சொல்லிவிட்டது.

அந்த யானைமலையின் அடியில்தான் நரசிங்கம் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடையத் தொடங்கி, அவர் இறந்த பின் தம்பி மாறன் எயினன் முடித்தது, கி.பி. 770-இல். இதைக் கல்வெட்டே சொல்கிறது. 2010-இல் இந்த மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கப் போகிறோம் என்று பேச்சு எழுந்தபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அதையொட்டித்தான் 'பசுமை நடை' என்ற குழு தொடங்கியது. விடிகாலையில் மலைக்குக் கூட்டிப் போய், கல்வெட்டைப் படித்துக் காட்டி, காலைச் சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்கள். உப்புமா என்றால் முகத்தைச் சுளிக்கிற என் வீட்டுக்காரர் அங்கே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அரிட்டாபட்டி விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, அந்த ஊர். மலையில் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், அதில் சிவனின் வடிவமான இலகுலீசர், தலைக்கு மேலே வட்டமிடும் வல்லூறுகள். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே தெருவில் இறங்கியபோது நீங்களும் அட்டைப்படம் போட்டீர்கள், மறுக்கவில்லை. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் ஊரையே மறந்துவிட்டீர்கள். மலையைக் காப்பாற்றிவிட்டார்கள், சரி. அந்த மலைக்கு எப்படிப் போவது, என்ன பார்ப்பது என்று எழுத இணைப்பில் நாலு வரி இல்லாமல் போய்விட்டதா? ஊர்க்காரர் யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொண்டு போனால் ஒவ்வொரு சுனைக்கும் ஒரு பெயர் சொல்லிக்கொண்டே வருவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சுற்றுலாக் கட்டுரை எதை எடுத்தாலும் "காலையில் காரில் கிளம்பினால்" என்றுதான் ஆரம்பம். கார் இல்லாதவர்கள் உங்கள் இதழை வாங்குவதில்லை என்று யார் சொன்னது? 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேர் ஊர் சுற்றக் கற்றுக்கொண்டோம். காலைச் சமையலை முடித்து, புளிச்சாதத்தைத் தூக்கில் கட்டிக்கொண்டு, பிங்க் பஸ் ஏறினால் மாலை விளக்கு வைக்கத் திரும்பிவிடுவோம். கைகாட்டினால் நிறுத்தாமல் போகிற டிரைவர்களும் உண்டு, "ஓசி" என்று முணுமுணுக்கிற கண்டக்டர்களும் உண்டு. அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் போகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறதா, இருந்தால் பூட்டாமல் இருக்கிறதா என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஒரு மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டி, பெயர்ப்பலகை வைத்து, பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே மலை ஏறியிருக்கிறாள் சர்க்கரை நோய்க்காரியான என் நாத்தனார். உங்கள் கட்டுரையாளர்கள் எல்லோரும் ஆண்களோ என்று எனக்கொரு சந்தேகம்.

கீழடிக்கு இணைப்பில் இடமே இல்லை. கேட்டால் அது சிவகங்கை மாவட்டம் என்பீர்கள். கொடைக்கானல் மட்டும் மதுரை மாவட்டமா? சிலைமான் தாண்டினால் கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போல முற்றமும் தூணுமாக இருக்கிறது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் கிடக்கின்றன. நான் பாவாடை கட்டிய வயதில் பாண்டி ஆடிய அதே சில்லு. இந்த இடத்தின் காலத்தைக் கி.மு. 580 வரை கொண்டுபோகிறார்கள். அந்தப் பெட்டி முன்னால் நின்று என் நாத்தனார் அழுங்குணி ஆட்டம் ஆடிய பழைய சண்டையை நாங்கள் மறுபடியும் போட்டோம்.

அழகர்கோயிலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனாலும் அந்தத் தோசையைச் சொல்லாமல் விட மனமில்லை. நெய்யில் வெந்து, ஓரம் கறுத்து, கடித்தால் மிளகு நாக்கில் நிற்கும் தோசை. ஜிகர்தண்டாவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது அதற்குக் கொடுத்திருக்கலாம்.

கடைசியாகக் கேட்பது சின்ன விஷயம்தான். வாராவாரம் கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குப் பக்கத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். மதுரை என்று இல்லை, எந்த ஊராக இருந்தாலும் சரி. எந்த பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், என்றைக்கு விடுமுறை, கட்டணம் எவ்வளவு, குடிதண்ணீரும் கழிப்பறையும் உண்டா, திரும்ப வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு. அவ்வளவு போதும். வர்ணனை வேண்டாம், அதை நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்கிறோம். ஆளை அனுப்பிக் கேட்கச் செலவாகும் என்றால் வாசகர்களிடமே கேளுங்கள். மதுரைக்கு எங்கள் தெருவிலிருந்தே ஒரு வருஷத்துக்குக் காணும் அளவுக்கு எழுதித் தருகிறோம், சன்மானம் வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாது என்றால் மேலே நான் கோபித்துக்கொண்ட பகுதிகளை வெட்டிக்கொள்ளுங்கள். பஸ் கட்டம் கேட்டதை மட்டும் வெட்டாதீர்கள்.

தங்கள்,
நெடுநாள் வாசகி,
செல்லூர், மதுரை