மூணாங்கிளாஸ் டீச்சர்களுக்கு, அந்த 'உ' விஷயமா

வணக்கம் டீச்சர், சண்டை போட வரல, மூணாவது படிக்கிற ஒரு புள்ளையோட அம்மாவா எழுதுறேன்.

போன வாரம் என் மக கணக்கு நோட்டைத் தூக்கிட்டு மூஞ்சி செத்துப்போய் வந்தா. மேல அவ போட்டிருந்த பிள்ளையார் சுழி மேல சிவப்பு பேனால ஒரு அடி, பக்கத்துல 786ன்னு எழுதியிருந்தா, அதுக்கும் ஒரு அடி, "தேவையில்லாததை எழுதாதே"ன்னு வேற. ஏண்டி ரெண்டும் போட்டன்னு கேட்டேன். தமிழ் நோட்டுக்கு 'உ' போதுமாம், கணக்குக்கு மட்டும் 786ம் சேத்துப் போடணுமாம், ஏன்னா அது நம்பர் சாமியாம், பெஞ்ச்ல பக்கத்துல உக்கார்ற புள்ள சொல்லிக்கொடுத்துச்சாம். சரி, 'உ'க்குக் கீழ ரெண்டு கோடு எதுக்குன்னா, அது சாமி உக்கார்ற பெஞ்சாம்!

அரபு எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் உண்டு, முஸ்லிம்கள் எதையும் தொடங்கும்போது சொல்ற பிஸ்மில்லா வரியைக் கூட்டினா 786 வரும்னு பெரியவங்க போட்ட கணக்கு அது. சுழியும், ஓலைல எழுத்தாணி ஒழுங்கா ஓடுதான்னு கீறிப் பாத்ததுல வந்ததுன்னு சொல்றவங்க இருக்காங்க. இவளுக்கு ரெண்டும் தெரியாது, ஆனா அவளா ஒரு அர்த்தம் வச்சிருக்கா பாருங்க. நாமளும் அப்படித்தானே, மயிலிறகு குட்டி போடும்னு புக்குக்குள்ள ரெண்டு அரிசியோட வச்சுட்டு, வானத்தைக் காட்டிடக்கூடாதுன்னு போர்வைக்குள்ள திறந்து பாத்த ஆளுங்க (நான் அஞ்சாவது வரைக்கும் நம்பினேன்).

1944லயே எர்னஸ்ட் ஹார்ம்ஸ்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான புள்ளைங்களைக் கடவுளை வரையச் சொல்லி அதைப் பத்தி எழுதியிருக்கார். சின்னதுங்க தேவதைக் கதை மாதிரி வரையுதுங்க, கொஞ்சம் வளந்ததும் சொல்லிக்கொடுத்த சின்னமா வருது, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் தனித்தனி வழில போகுதுன்னார். என் மக முதல் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ நிக்கிறா போல.

ஸ்கூல்ல மதம் வேணாம்னு நீங்க நினைக்கிறது எனக்குப் புரியுது. முழுசா அரசு பணத்துல நடக்குற ஸ்கூல்ல மதபோதனை கூடாதுன்னு அரசியல் சட்டம் 28வது பிரிவே சொல்லுது, எனக்கும் அதுதான் சரி. ஆனா அது நாம போதிக்கிறதுக்கு, எட்டு வயசுப் புள்ள தன் நோட்டு மூலைல போடுற கிறுக்கலுக்கா? பப்ளிக் எக்ஸாம் பேப்பர்ல எந்த அடையாளமும் போடக்கூடாதுங்கறது நியாயம், யார் பேப்பர்னு திருத்துறவருக்குத் தெரியக்கூடாதுல்ல, அதை அப்படியே காரணத்தோட சொன்னா புள்ளைங்க கேட்டுக்கும். மத்த நாள்ல சிவப்பு பேனால அடிக்கிறதுக்கு முன்னாடி "இது என்னம்மா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க டீச்சர், நல்ல நல்ல பதிலா வரும்.

இவ இப்ப நோட்டு அட்டைக்கு உள்பக்கமா பென்சில்ல பொடிசா போட்டு வைக்கிறா, பெஞ்சோட. கண்ணுல பட்டா பாக்காத மாதிரி திருப்பிடுங்க.