சிம்பல் பறந்த பிறகு நடந்தது

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். கல்யாணப் பத்திரிகை வந்தது, குடும்பத்தோடு வருகிறோம். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. வாத்தியாரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

இப்போது எழுதுவது பாபு விஷயமாக. போன சனிக்கிழமை ராத்திரி அக்கா வீட்டில் அவனும் நானும் ‘பேர்ட்’ படம் பார்த்தோம். அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றி கிளின்ட் ஈஸ்ட்வுட் 1988இல் எடுத்தது. 2 மணி 41 நிமிடம் ஓடுகிறது, நீயாக இருந்தால் பாதியிலேயே குறட்டை விட்டிருப்பாய். பாபு அசையவே இல்லை. கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுச் சாக்ஸஃபோனைத் தொட்டவன், அவரோடு வாசித்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா வழியாகப் பார்க்கரிடம் வந்து சேர்ந்தவன், எப்படி அசைவான்? படம் முடிந்ததும், “மாமா, போதை ஊசி போடாமல் இருந்திருந்தால் அந்த ஆளால் இப்படி வாசித்திருக்க முடியாது” என்றான். அவன் வாயில் பீர் வாசனை. அக்கா சமையலறையில் இருந்தாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது.

படம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபாரஸ்ட் விட்டேக்கர் பார்க்கராகவே நடமாடுகிறார், கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது சும்மா இல்லை. குழந்தை ப்ரீ இறந்த செய்தி கலிஃபோர்னியாவில் இருக்கும் அவருக்கு வருகிறது. ராத்திரியெல்லாம் மனைவி சானுக்குத் தந்திக்கு மேல் தந்தி கொடுக்கிறார். முன்னால் கொடுத்தது போதாது என்று அடுத்தது. அந்த இடத்தில் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்புறம் அந்த ஒலி! பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து பார்க்கரின் வாசிப்பை மட்டும் பிரித்து எடுத்து, சுற்றிலும் படம் எடுத்த காலத்துக் கலைஞர்களை வாசிக்க வைத்து, படத்தின் இசையமைப்பாளர் லெனி நீஹாஸ் சேர்த்திருக்கிறார். அவர் மூச்சை இழுத்து ஊதுவது பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஒலிக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

என் கோபமெல்லாம் படத்தில் வரும் ஒரு சிம்பல் மேல்தான், டிரம்ஸோடு இருக்குமே அந்த உலோகத் தட்டு. கன்சாஸ் சிட்டியில் ரெனோ கிளப் என்று ஓர் இடம். பதின்வயதுப் பையன் பார்க்கர் பெரியவர்களோடு மேடையேறி வாசித்துத் தடுமாறுகிறான். டிரம்ஸ் வாசிக்கும் ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவன் காலடியில் வீசுகிறார். கூட்டம் சிரிக்கிறது. ஈஸ்ட்வுட் அந்தச் சிம்பலைத் திரும்பத் திரும்பப் பறக்க விடுகிறார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் காட்டவில்லை. 1937 கோடையில் அந்தப் பையன் மிசூரியின் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு வாத்தியக் குழுவோடு போனான். சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளைக் கையோடு எடுத்துப் போய், ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடம் பண்ணிக்கொண்டு திரும்பினான். பின்னாளில் 1954இல் இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞரான பால் டெஸ்மண்ட் வானொலிப் பேட்டியில் கேட்டபோது, மூன்று நான்கு வருஷம் தினமும் 11 முதல் 15 மணி நேரம் வாசித்ததாகப் பார்க்கரே சொல்கிறார். அக்கம்பக்கத்தார் அவருடைய அம்மாவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் அளவுக்கு ஊதியிருக்கிறார். அசுர சாதகம் என்று நம் வாத்தியார் சொல்வாரே, அது இதுதான். படம் அதை விட்டுவிட்டால் பையன்கள் மிச்சமிருக்கிற ஊசியைத்தான் பார்ப்பார்கள்.

சரி, ஊசி என்ன செய்தது? 1946 ஜூலையில் ‘லவர் மேன்’ பாட்டைப் பதிவு செய்தபோது அவரால் நேராக நிற்கவே முடியவில்லை. அந்தத் தட்டை வெளியிட்டதற்காக அவர் கடைசிவரை கோபப்பட்டார். அன்று ராத்திரியே ஓட்டலில் கலவரமாகி, கமரில்லோ மனநல மருத்துவமனையில் ஆறு மாதம் இருந்தார். வெளியே வந்ததும் 1947 பிப்ரவரியில் வாசித்ததை எடுத்துக் கேள், உடம்பு தேறிய மனிதர் எவ்வளவு இலகுவாக வாசிக்கிறார்! கஞ்சா அடித்தால், ஊசி போட்டால், குடித்தால் நன்றாக வாசிக்க வருகிறது என்று சொல்கிறவன் பொய்யன் என்று சொன்னவரும் இதே பார்க்கர்தான். ஆனால் சொன்னவராலேயே விட முடியவில்லை. 1955 மார்ச்சில் நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் 50க்கும் 60க்கும் நடுவில் இருக்கும் என்றார். செல்வம், 34!

ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, பீபாப் என்கிற ஜாஸ் பாணியைப் பார்க்கரோடு சேர்ந்து உருவாக்கியவர், ஹெராயின் பக்கம் போகாமலே 75 வயது வரை வாழ்ந்தார். படத்தில் அவர் பார்க்கரிடம் பேசும் ஒரு காட்சி உண்டு. கறுப்பன் பொறுப்பில்லாதவன் என்று நிரூபணமானால் வெள்ளைக்காரர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தை நான் கொடுக்க மாட்டேன் என்கிற அர்த்தத்தில் சொல்கிறார். படத்திலேயே பெரிய வசனம் அதுதான் என்பேன். பாபு அப்போது செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ட்ரம்பெட் வாசிக்கும் ரெட் ராட்னியும் வருகிறார். பார்க்கரைப் பார்த்துத் தானும் ஹெராயினில் விழுந்து, சிறைக்கும் போனவர். அதிலிருந்து மீண்டு, வயதான காலத்தில் இந்தப் படத்தின் இசைக்கே வாசித்தார். அவரைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ குடித்துக்கொண்டு கிளாரினெட் வாசித்ததையும் கேட்டிருக்கிறேன், விட்ட பிறகு வாசித்ததையும் கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உன்னிடம் நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. திருவிழாவில் நீ வாசித்த அந்த மோகனம் விட்ட பிறகு வந்ததுதானே? முன்பானால் அவ்வளவு நீளமாக ஓர் இடத்தில் நிற்க உனக்கு மூச்சு ஏது?

நான் சொன்னால் மாமா உபதேசம் பண்ணுகிறார் என்று எழுந்து போய்விடுவான். அக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ அவனைக் கூப்பிட்டுப் பேசு. எடுத்தவுடனே குடியைப் பற்றிக் கேட்காதே, ஓசார்க் கோடையிலிருந்து ஆரம்பி. உன் கதையையும் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல். அவனிடம் பழைய நம்பர்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எழுந்திருப்பான்.

பேசியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
ரவி