காத்தாடி ஏறப் போகிற பையனிடம் சம்பளத்தைச் சொல்லுங்கள்

நெல்லை, குமரி மாவட்ட ஐடிஐ முதல்வர்களுக்கும், வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் அதிகாரிகளுக்கும், திறன் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

சமீபத்தில் அக்கா மகனைக் காற்றாலை (நம்ம பேச்சில் காத்தாடி), சோலார் வேலைக்கு ஆள் எடுக்கிற ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எலெக்ட்ரீஷியன் முடித்த பையன். வாசலில் பசுமை வேலைவாய்ப்பு என்று ஆளுயரத்துக்கு பேனர் (ஃப்ளெக்ஸில் அடித்ததுதான், அதை விடுங்கள்). உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் என்ன வேலை, எந்த ஊரில், எவ்வளவு சம்பளம் என்று கேட்டால், "ரினியூவபிள் எனர்ஜி சார், நல்ல எதிர்காலம் இருக்கு" என்கிறார். திருப்பிக் கேட்டாலும் அதே பதில்தான். எதிர்காலம் இருக்கட்டும், மாசம் பொறந்தா கையில் என்ன வரும் என்று பையன் கேட்டதில் என்ன தப்பு?

இத்தனைக்கும் காற்றாலை நமக்குப் புதுத் தொழில் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலை நட்டது 1986-ல். அப்புறம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று கணவாய்க் காற்று அடிக்கிற இடமெல்லாம் காத்தாடி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இன்றைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. அதில் ஏறி இறங்குகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள்.

வேலை என்னவென்று நீங்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். வைகாசி, ஆனியில் காற்று பிடிப்பதற்குள் சர்வீஸ் முடிந்தாக வேண்டும். அதாவது பங்குனி, சித்திரை வெயிலில், இடுப்பிலும் தோளிலும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கோபுரத்துக்குள் இருக்கிற ஏணியில் ஏறி, உச்சியில் கியர்பாக்ஸும் ஜெனரேட்டரும் அடைத்துக்கொண்டிருக்கிற பெட்டிக்குள் குனிந்து, போல்ட் ஒவ்வொன்றையும் இறுக்கம் காட்டுகிற அளவுச் சாவி (டார்க் ரென்ச்) வைத்து முடுக்கி, எண்ணெய் பார்த்து, பேரிங்குக்கு கிரீஸ் வைத்துவிட்டு இறங்க வேண்டும். உள்ளே சூடு எப்படி இருக்கும் என்று ஏறினவனைக் கேளுங்கள். பழைய 250 கிலோவாட் மெஷின் உயரம் கம்மி, இப்போது வருகிறவை 120 மீட்டரைத் தாண்டுகின்றன. கை தேர்ந்த வேலை, மரியாதையான வேலை. அதைப் பேனரில் மரம், பட்சி படம் போட்டு மறைப்பானேன்?

பெரிய கம்பெனிகள் உலகக் காற்றாலை அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கின்றன. உயரத்தில் வேலை செய்வது, தீ, முதலுதவி, பாரம் தூக்குவது எல்லாம் அதில் வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அந்தக் காசை யார் கட்டுவது? பையனா, காண்ட்ராக்டரா, அரசா? முகாமில் இதை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய காற்றாற்றல் நிறுவனம் வாயுமித்ரா என்று பயிற்சி வைத்திருக்கிறது, சோலாருக்கு மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி இலவசம். நான் கேட்ட பையன்களுக்கு இந்தப் பெயர்களே தெரியவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

இன்னொன்று. பழைய சின்ன மெஷின்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய மெஷின் ஒன்றை நிறுத்துவது இப்போது தொடங்கியிருக்கிறது. கரண்ட் கூடும், சந்தோஷம். ஆனால் பத்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எங்கே போவார்கள்? சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். புதுசுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றால், சரி, அவர்களுக்கே முதலில் சொல்லிக்கொடுங்கள், அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு வையுங்கள். கழற்றின இறக்கையெல்லாம் கண்ணாடி இழை, அறுத்தால் பறக்கிற தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருத்தனை அறுக்கவிட்டு, அவனையும் பசுமை வேலைக் கணக்கில் சேர்த்து அறிக்கை எழுதாதீர்கள்.

நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. முகாமுக்கு வருகிற கம்பெனி, வேலை இன்னது, ஆளை எடுப்பது நாங்களா காண்ட்ராக்டரா, பிடித்தம் போகக் கையில் இவ்வளவு, பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டா, சான்றிதழ் செலவு யாருடையது, காற்று இல்லாத மாதங்களிலும் சம்பளம் உண்டா என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மேஜை தருவோம் என்று சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கூரையில் சோலார் போடுகிற ஏஜென்சிகளுக்கும் இதே தாள்தான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று வீட்டுக்காரருக்கு விளம்பரம் செய்கிறவர்கள், ஓட்டின் மேல் ஏறுகிற ஆளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதையும் எழுதட்டும்.

மகளிர் ஐடிஐக்கும் அழைப்பு போகட்டும். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து மெஷின்களைக் கண்காணிப்பதும், ஏறுவதும்கூட, அவர்களால் முடியாத வேலை இல்லை. சைட்டில் கக்கூஸ் கிடையாது என்பதுதான் தடை என்றால் அதைக் கட்டச் சொல்லுங்கள்.

முகாமைத் தை மாதமே வையுங்கள். போன தடவை மாதிரி காற்று சீசனுக்குள் வைத்தால், சர்வீஸுக்கு ஆள் எடுப்பதெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்துபோயிருக்கும்.